காப்பிக் கலர்

இந்தச் சிரிப்புக்கு மட்டும் இவருக்குக் காது நன்றாகக் கேட்கிறது. நான் மூன்று தடவை கூப்பிட்டால் ஒரு தடவை திரும்புவார். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் லேசாகச் சிரித்தால் போதும், கைவேலையை அப்படியே போட்டுவிட்டு எட்டிப் பார்க்கிறார். பார்க்கட்டும். கழுத்து சுளுக்கிக்கொள்ளும்வரை பார்க்கட்டும்.

மேகலா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. குனிந்து அடுப்பை ஊதினாள். அடுப்படியை இடித்துப் போட்டதிலிருந்து வாசலில் கல்லைக் கூட்டி, மேலே நீலத் தார்ப்பாயைக் கட்டித்தான் சமையல். கார்த்திகை மாதத்துப் பனி. விடிந்து வெகுநேரமாகியும் எதிரே இருக்கும் பலாமரம் பாதிதான் தெரிந்தது. விறகு நமுத்துப்போய் நெருப்பைவிடப் புகைதான் அதிகம். கண்ணில் நீர் வந்தால் புகை என்று சொல்லிக்கொள்ளலாம், அது ஒரு வசதி.

மணல் சலித்துக்கொண்டிருந்த அவள் கணவன் மாணிக்கம், சல்லடையைச் சாய்த்து வைத்துவிட்டு வீட்டின் மறுபாதி வாசலுக்குப் போயிருந்தான். அங்கே அவனுடைய அண்ணி பரிமளா நின்றுகொண்டிருந்தாள்.

“என்னங்கண்ணி, தனியாச் சிரிக்கறீங்க?”

“இங்க வந்து பாருங்க தம்பி. லாட்ஜுல தூக்கிப் போட்ட கண்ணாடியக் கொண்டாந்து சாத்தி வெச்சனா, இந்தச் சேவலு அதுக்குள்ள இருக்கறவங்கூட அப்பப் புடிச்சுச் சண்டை போடுது. மூக்கு ஒடையப்போகுது.”

மாணிக்கமும் சிரித்தான். அவன் சிரித்தே வெகு நாளாகிவிட்டது என்று மேகலாவுக்குத் தோன்றியது. அது உண்மையில்லை. முந்தின நாள் மகள் போனில் பேசியபோதுகூடச் சிரித்தான். ஆனாலும் தோன்றியது அப்படித்தான்.

அது முன்பு ஒரே வீடாக இருந்தது. மலைமேல் எடப்புளி நாடு என்கிற ஊர்த்தொகுதியில், அந்தச் சிற்றூரிலேயே நீளமான ஓட்டு வீடு, மாணிக்கத்தின் அண்ணன் செல்வம் கட்டியது. மேகலா திண்ணனூர் நாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தபோது அடுப்படி பரிமளாவின் கையில் இருந்தது. மாணிக்கத்துக்குக் களி எந்தப் பதத்தில் பிடிக்கும், அவரைக்கொட்டைக் குழம்பில் உப்பு எவ்வளவு, எல்லாம் பரிமளாதான் சொல்லிக்கொடுத்தாள். பள்ளிக்கூடம் போகிற பையனாக இருந்ததிலிருந்து அவனுக்குச் சோறு போட்டவள் அவள். பெரிய மனுஷி மாதிரி அதிகாரம் பண்ணிச் சொல்லிக்கொடுத்திருந்தால் மேகலா எதிர்த்துப் பேசியிருப்பாள். சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தாள். குற்றம் சொல்ல ஒரு இடம்கூட விட்டுவைக்கவில்லை.

செல்வம் மிளகு பறிக்க, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏறி, ஏணியோடு சாய்ந்து போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு ஒரு நாள் பரிமளாவேதான் பேச்சை எடுத்தாள்.

“நடுவுல ஒரு செவுரு வெச்சிரலாம் தம்பி. மேகலாவும் எத்தன நாளைக்கு எங்கையப் பாத்துக்கிட்டே சமைப்பா? அவளுக்குன்னு ஒரு அடுப்பு வேணுமில்ல?”

தனக்கென்று ஒரு அடுப்பு வேண்டும் என்று மேகலா பல வருஷமாக மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள். கிடைத்தது. அண்ணி சொல்லிக் கிடைத்தது.

இப்போது அந்த அடுப்படியைத்தான் இடித்துக் கட்டுகிறார்கள். பழைய சிமெண்டுத் தரை பேர்ந்து பேர்ந்து, குழிக்குள் தண்ணீர் தேங்கி, சாமையைக் கொட்டினால் பாதி குழிக்குள்ளே போய்விடும். நின்று சமைக்க மேடை, பாத்திரம் கழுவ உள்ளேயே தொட்டி, கேஸ் அடுப்புக்கு ஒரு பக்கம், விறகடுப்புக்கு ஒரு பக்கம். எல்லாம் முடிவாகிவிட்டது. தரைதான் பாக்கி.

“அம்மிணி, தரைக்கு ஒரு வழி சொல்லுங்க,” என்றான் கொத்தனார் குழந்தைவேல். மலையடிவாரத்துக்காரன். தினமும் மோட்டார்சைக்கிளில் ஏறி வருகிறவன். “டைல்ஸா, கடப்பாக் கல்லா, இல்ல சிமெண்டுலயே காவிப் பொடியக் கலந்து தேய்ச்சு உட்ரட்டுமா? நானும் தெனமும் இத்தன கொண்டை ஊசி சுத்தி வந்து கேட்டுட்டுப் போறன். எனக்குத் தலை சுத்துதே ஒழிய உங்களுக்கு வாய் தொறக்க மாட்டேங்குது.”

மேகலா வாயைத் திறந்தாள். அதற்குள் மாணிக்கம் திரும்பி வந்துவிட்டான்.

“அண்ணிகிட்டக் கேட்டுப்புடலாம் குழந்தைவேலு. அவங்க தொடைக்காத தரையா?”

அது சரிதான். பரிமளா வாசலூர்பட்டியில் படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை கூட்டித் துடைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு தரை. எது கறை பிடிக்கும், எது வழுக்கும், எதைத் துடைத்தால் இடுப்பு விட்டுப்போகும் என்று அவளுக்கு அத்துபடி.

கூப்பிட்ட உடனே வந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பெயர்த்துப் போட்ட தரையைச் சுற்றி நடந்தாள். மேகலா அவள் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொந்த இடத்தில் நடக்கிற மாதிரி நடக்கிறாள் என்று நினைத்தாள்.

“வெள்ளை மட்டும் வேண்டாம் கண்ணு. ஒரு முடி கெடந்தாலும் காட்டிக் குடுத்துரும். பளபளன்னு இருக்குதே, அது பாக்க நல்லா இருக்கும், பனிக்காலத்துல தரையே வேர்த்துப்போயிரும். போன வருசம் ஒரு மெட்ராசுக்காரம்மா செல்பி எடுக்கறேன்னு பின்னால நகந்து, காலு வழுக்கி, கட்டிலுக்கடியிலயே போயிருச்சு. அவுங்க ஊட்டுக்காரரு தேடறாரு, ஆளக் காணம்.”

குழந்தைவேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மாணிக்கமும் சிரித்தான். மேகலாவுக்கும் சிரிப்பு வந்தது. அதை உதட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

“கடப்பாக் கல்லு கொஞ்ச நாள்ல வெளுத்துரும். காவித் தரை மெருகு போயிருச்சுன்னா மறுபடி எடுக்க ஆளில்ல. சொரசொரப்பா இருக்கற டைல்ஸு வாங்கிப் போடுங்க. அதான் அடுப்படிக்குத் தோது,” என்ற பரிமளா மேகலாவின் பக்கம் திரும்பினாள். “கலர மட்டும் மேகலா சொல்லட்டும் தம்பி. நாம யாரும் வாயத் தொறக்கக் கூடாது. அடுப்படி அவளுது.”

“அதுவும் சரிதானுங்கண்ணி,” என்றான் மாணிக்கம்.

கலரை மட்டும். மேகலா அந்தச் சொல்லை வாய்க்குள் போட்டுப் பார்த்தாள். ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போடுகிற மாதிரி எனக்கு இதை மட்டும் ஒடித்துப் போடுகிறாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை. ஒரு கலராவது என்னுடையதாக இருக்கட்டுமே. காலையில் எழுந்து கால் வைக்கிற இடம். ஒரு நாளில் பாதி நேரம் நிற்கிற இடம். அதைப் பார்க்கும்போது இது நான் சொன்னது என்று இருக்கட்டும்.

நாமக்கல்லில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிற பூங்குழலி அன்று சாயங்காலம் போன் பண்ணினாள்.

“அம்மா, கலரு முடிவு பண்ணிட்டியா? பெரியம்மா என்ன சொல்றாங்க?”

“ஏன், உங்கம்மாவுக்குக் கண்ணு தெரியாதா?”

“அய்யோ, சும்மா கேட்டம்மா. எதுக்கு இப்படி எரிஞ்சு விழுவற?”

மகள் போனை வைத்த பிறகும் மேகலா அதைக் காதிலேயே வைத்திருந்தாள்.

*

மறுநாள் காப்பிப் பழம் பறிக்கப் போனாள். அவர்கள் காட்டில் மேல் சரிவில் இருக்கிற செடிகள்தான் முதலில் பழுக்கும். கூடப் பறிக்க வந்தவள் பாப்பாயி. பக்கத்து வீட்டுக்காரி, வாய்க்குப் பூட்டே கிடையாது. இருவரும் இடுப்பில் சாக்குப்பையைக் கட்டிக்கொண்டு ஆளுக்கொரு வரிசையாகப் போனார்கள். இலையில் நின்ற தண்ணீர் கிளையைத் தொட்டதும் தலையில் கொட்டியது. விரல் விறைத்துப்போய்ப் பழத்தைத் தொடுகிறோமா காம்பைத் தொடுகிறோமா என்றே தெரியவில்லை.

“ஏம்புள்ள, உங்கூட்டுல அடுப்படி கட்டறீங்களா, கோயிலு கட்டறீங்களா? ஊரே அதத்தான் பேசுது,” என்றாள் பாப்பாயி.

“அடுப்படிதான்.”

“யாரோட அடுப்படி?”

மேகலா கையை நிறுத்தாமல், “ஏன், என்னுதுதான்,” என்றாள்.

“இல்ல, கொத்தனாரு நேத்துக் கடையில டீ குடிச்சுக்கிட்டே சொன்னான். பெரியம்மா ஒருத்தரு தரையப் பத்தி அப்படிப் பேசறாங்க, எஞ்சினீரு தோத்தான்னு. நான் கேட்டேன், அப்ப அந்த ஊட்டுக்காரி என்ன பண்றான்னு. அவுங்க டீ போட்டுக் குடுக்கறாங்கன்னான்.”

“நீ சும்மா வந்து பழம் பறிக்கற ஆளா, தீ வெச்சுட்டுப் போற ஆளா?”

“ரெண்டுந்தான். குளிரு காலமில்ல, கொஞ்சம் தீ வேணும்,” என்று பாப்பாயி சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் குரலைத் தாழ்த்தி, “மாணிக்கம் நல்ல மனுசன் புள்ள. பரிமளாவும் தங்கம். தப்பா ஒண்ணுமில்ல, எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்,” என்றாள்.

தப்பாக ஒன்றுமில்லை என்று மேகலாவுக்கு மட்டும் தெரியாதா? தப்பாக ஏதாவது இருந்திருந்தால் தலைமயிரை விரித்துப்போட்டுக்கொண்டு ஊரைக் கூட்டியிருக்கலாம். நாலு பேர் நியாயம் சொல்லியிருப்பார்கள். இதற்கு யார் நியாயம் சொல்ல முடியும்? என் புருஷன் அண்ணியைப் பார்த்துச் சிரிக்கிறான், அண்ணிக்குச் சர்க்கரை போடாத காப்பிதான் பிடிக்கும் என்று ஞாபகம் வைத்திருக்கிறான் என்று எந்தக் கூட்டத்தில் போய்ச் சொல்வது? கேட்கிறவர்கள் அவளைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

உள்ளங்கையில் இருந்த பழங்களைப் பார்த்தாள். நன்றாகப் பழுத்து, மழையில் நனைந்து, கருக்கத் தொடங்காத சிவப்பு. அதட்டுகிற சிவப்பு இல்லை. ஆழமான சிவப்பு. பனி மூடி எல்லாமே சாம்பலாகத் தெரிந்த அந்தக் காலையில், அது மட்டும் கையில் கதகதவென்று இருந்தது. அவளுக்குக் கல்யாணத்துக்கு எடுத்த சேலை இந்த நிறம்தான். சோளக்காட்டுச் சந்தைக்கு மூட்டை தூக்கிக்கொண்டு வருகிற சேலை வியாபாரியிடம் ஊர்ப் பெண்கள் “காப்பிக் கலரு இருக்குதாங்க?” என்று கேட்டால், அவன் மறுபேச்சு இல்லாமல் இந்தச் சிவப்பைத்தான் உருவிப் போடுவான்.

தரைக்கு இதுதான் என்று முடிவு செய்தாள். பாப்பாயியிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் கைமாறிப் போய்விடும் என்று ஒரு பயம்.

பொழுது சாயும்போது தார்ப்பாய்க்கடியில் மாணிக்கத்துக்குக் களியும் கீரைக் கடைசலும் போட்டுக்கொண்டே சொன்னாள். அதை எப்படிச் சொல்வது என்று பகலெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். சொல்லும்போது நாலு வார்த்தைதான் வந்தது.

“ஏனுங்க, தரைக்குக் காப்பிக் கலரு போடலாங்க.”

“காப்பிக் கலரா?” மாணிக்கம் களியை உருட்டிக் கீரையில் தோய்த்தான். “நல்ல கலருதான். அழுக்குத் தெரியாது.”

அவ்வளவுதான். அண்ணியைக் கேட்கலாம் என்று சொல்லவில்லை. மேகலாவுக்கு மனம் நிறைந்துபோயிற்று. இன்னொரு உருண்டை வைத்தாள். அவன் போதும் என்றதையும் கேட்காமல் வைத்தாள்.

*

டைல்ஸ் கடை மலைக்குக் கீழேதான் இருந்தது. மாணிக்கம் போகிற அன்றைக்கே பரிமளாவுக்கும் சர்க்கரைக்குப் பரிசோதனை செய்ய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. இருவரும் காலை பஸ்ஸில் போனார்கள். மேகலாவும் போயிருக்கலாம். ஆனால் குழந்தைவேல் மேடைக்குக் கல் பதிக்கிறான், யாராவது கூட இருக்க வேண்டும். மாடு வேறு கன்று போடுகிற நாள்.

“நீயும் வாயேன் கண்ணு, கலரு நேர்ல பாத்து எடுக்கலாமில்ல?” என்று பரிமளா கேட்டாள்.

“இல்லீங்கக்கா, நீங்க போயிட்டு வாங்க. அவருகிட்டச் சொல்லியிருக்கறன்.”

அவரிடம் சொல்லியிருக்கிறேன் என்று சொன்னபோது ஒரு பெருமை இருந்தது. பஸ் வளைவில் மறைந்ததும் அந்தப் பெருமை இல்லாமல் போயிற்று. இரண்டு பேர் உட்காருகிற சீட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். வளைவுக்கு வளைவு இடித்துக்கொள்வார்கள். சீ, என்ன நினைப்பு இது என்று தன்னையே வைதுகொண்டு மாட்டுக்குத் தவிடு கலக்கினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தது. டைல்ஸ் கடையில் இருவரும் நிற்கிறார்கள். பரிமளா ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கிறாள். இவர் பின்னாலேயே போகிறார். பொறாமை என்பது வேலை செய்யும்போதும் சேர்ந்து வேலை செய்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டாள். தண்ணீர் சேந்தினால் தண்ணீரோடு, பாத்திரம் விளக்கினால் பாத்திரத்தோடு.

சாயங்கால பஸ்ஸில் வந்தார்கள். பரிமளா இறங்கினதும் நேராக மேகலாவிடம் வந்து மல்லிகைச் சரத்தையும் மிக்சர் பொட்டலத்தையும் கொடுத்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“அந்தக் கடைக்காரன் இருக்கறானே மேகலா! தம்பி ஏதோ வெல கேக்கறாரு, அவன் எம்பக்கம் கையக் காட்டி, ஊட்டுக்காரம்மா ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சு போச்சுங்களேன்னான். எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. தம்பி மொகத்தப் பாக்கோணுமே, வெந்த கெழங்காட்டம் ஆயிருச்சு!”

“அப்படீங்களா?” என்று மேகலாவும் சிரித்தாள்.

அந்தப் பூவை வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொள்ளாமல் இருந்தால் கேட்பார்கள் என்று, மாட்டுக் கொட்டாயில் இருக்கிற சாமி படத்துக்குப் போட்டாள்.

*

டைல்ஸ் பிக்கப் வண்டியில் வந்து இறங்கியபோது தூறல். மாணிக்கமும் குழந்தைவேலும் பெட்டிகளை உள்ளே அடுக்கினார்கள். அவர்கள் டீக்கடைக்குப் போனதும் மேகலா அரிவாள்மணையை எடுத்து வந்து ஒரு பெட்டியின் நாடாவை அறுத்தாள். வைக்கோலைப் போல அடைத்திருந்த அட்டையை விலக்கி ஒன்றை வெளியே எடுத்தாள்.

பழுப்பு. கருகின நிலக்கடலைத் தோல் மாதிரி ஒரு பழுப்பு. அடுத்ததை எடுத்தாள். அதுவும் பழுப்பு. இன்னொரு பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

மாற்றிவிட்டாள். கலரை மட்டும் மேகலா சொல்லட்டும் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு, கடையில் போய் மாற்றிவிட்டாள். அவளுக்குத் தெரியாதா காப்பிக் கலர் என்றால் என்னவென்று? இந்த ஊரில்தானே சேலை எடுக்கிறாள்? அழுக்குத் தெரியாது தம்பி, துடைக்க லேசு என்று சொல்லியிருப்பாள். இவரும் சரிங்கண்ணி என்றிருப்பார். கடைக்காரன் சொன்னது சரிதான். ஊட்டுக்காரம்மா ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள், முடிந்து போயிற்று.

அப்படி நினைத்தபோது கோபத்துக்குள்ளே ஒரு நிம்மதியும் இருந்தது. இத்தனை வருஷம் பிடி கொடுக்காமல் இருந்தவளிடம் இன்றைக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது. இனிமேல் அவளை வெறுக்கலாம். காரணத்தோடு வெறுக்கலாம்.

மழை பிடித்துக்கொண்டது. அடித்தளம் காயாமல் டைல்ஸ் ஒட்ட முடியாது என்று குழந்தைவேல் வரவில்லை. அந்த நாட்களில் மேகலா யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. குழாயில் பரிமளா தண்ணீர் பிடிக்கிறாள் என்றால் குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிடுவாள். பரிமளா அவித்த கிழங்கைத் தட்டில் மூடிக் கொண்டுவந்து வைத்தால், “வயிறு சரியில்லீங்கக்கா” என்று அப்படியே விட்டுவிடுவாள். மாணிக்கம்தான் எடுத்துத் தின்பான். அவன் தின்கிற சத்தம்கூட அவளுக்குக் கேட்கப் பிடிக்கவில்லை.

“என்ன புள்ள, மொகத்தத் தூக்கி வெச்சுட்டுத் திரியற? ஒடம்பு சரியில்லயா?”

“ஒண்ணுமில்லீங்க.”

ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்று நம்புகிற மனுஷன் அவன்.

மழை விட்டு, தரை காய்ந்து, குழந்தைவேல் வந்த காலையில் மெலிந்த வெயில் அடித்தது. மாணிக்கம் சிமெண்டு மூட்டையைப் பிரித்தான். பரிமளாவும் லாட்ஜுக்குக் கிளம்பினவள், முதல் கல் வைப்பதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கைப்பையோடு வந்து நின்றாள். குழந்தைவேல் நூலைக் கட்டி, ஒரு டைல்ஸைக் கையில் எடுத்து, “ஆரம்பிச்சரலாமுங்களா அம்மிணி?” என்று கேட்டான்.

மேகலா பேச மாட்டாள் என்றுதான் தன்னைப் பற்றி நினைத்திருந்தாள். ஆனால் பேசினாள்.

“நான் சொன்ன கலரு இது இல்லீங்க.”

மாணிக்கம் நிமிர்ந்தான். “இது இல்லயா? நீ காப்பிக் கலருதான புள்ள சொன்ன?”

“ஆமாங்க.”

“அப்ப இது என்னது? இது காப்பிக் கலருதான? கடைக்காரங்கிட்ட அதத்தான் கேட்டேன், இதத்தான் எடுத்தான்.”

“காப்பின்னா பழமுங்க,” என்றாள் மேகலா. “பழத்துக் கலரு.”

குழந்தைவேல்தான் முதலில் சிரித்தான். “அட ஏனுங்க அம்மிணி! எங்க பக்கம் காப்பின்னா டம்ளர்ல இருக்கறதுதானுங்க. செடியில இருக்கறத எவன் கண்டான்? கடையில இருக்கறவனும் கீழ்நாட்டான். அவன் டிகாசன் கலரத்தான எடுத்துக் குடுப்பான்?”

“நீ பழத்துக் கலருன்னு சொல்லியிருக்கோணும்,” என்றான் மாணிக்கம்.

“பொம்பளைங்க அப்படித்தான் தம்பி சொல்லுவோம். சேலைக்குக் காப்பிக் கலருன்னா அந்தச் செவப்புதான்,” என்று பரிமளா இடையில் புகுந்தாள். “நான் அங்கயே சொன்னனே? அந்தச் செவப்பு டைல்ஸக்கூடக் கையில எடுத்து உங்ககிட்டக் காட்டுனேன். மேகலா இதத்தான் சொல்லியிருப்பா, போன் போட்டு ஒரு வார்த்தை கேளுங்கன்னேன். நீங்கதான், அவளுக்கென்னங்கண்ணி, எதப் போட்டாலும் சரிம்பா, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு...”

பாதியில் நிறுத்திக்கொண்டாள். நிறுத்தினதும்தான் எவ்வளவு சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே தெரிந்தது. கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள்.

மேகலா அந்தக் கைப்பையையே பார்த்தாள். இத்தனை நாளாகச் சேர்த்து வைத்திருந்த வெறுப்பை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது? பரிமளா மாற்றவில்லை. பரிமளா அந்தச் சிவப்பைக் கையில் எடுத்திருக்கிறாள். மேகலாவின் மனதில் என்ன இருந்தது என்பது, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளுக்குக் கடையில் நின்றபடியே தெரிந்திருக்கிறது. ஒரே பாயில் படுத்து எழுகிற மனுஷனுக்குத் தெரியவில்லை. தெரியாததுகூடப் பெரிதில்லை. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இருப்பதாகவே அவனுக்குத் தோன்றவில்லை.

அவளைப் புரிந்துகொள்ள இந்த வீட்டில் ஒருவராவது இருக்கிறார் என்று சந்தோஷப்பட்டிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பாள். பரிமளாவாக இருந்ததால் முன்பைவிட அதிகமாக எரிந்தது. எல்லாம் அவளுக்குத்தான் தெரியும். உப்பு எவ்வளவு என்பதும், தரை எது வழுக்கும் என்பதும், கடைசியில் மேகலா யார் என்பதும்.

“சரி, இப்ப என்ன ஆயிப்போச்சு?” என்றாள் பரிமளா. குரலில் வழக்கமான உற்சாகத்தைக் கொண்டுவந்தாள். “நான் ஒண்ணு சொல்லட்டுமா? என் பக்கத்துத் தரையும் பேந்துதான் கெடக்குது. நானும் போடோணும் போடோணும்னு இருக்கறன். இத எனக்குக் குடுத்துருங்க. எனக்கு இந்தக் கலரு புடிச்சிருக்குது. நீ போயி அந்தச் செவப்பையே எடுத்துக்க கண்ணு. நாளைக்கு எனக்கு லீவுதான், நானும் கூட வாரேன். அந்தச் செவப்பு எங்க வெச்சிருக்கறான்னு எனக்குத் தெரியும்.”

மாணிக்கத்தின் முகம் தெளிந்தது. “பாத்தயா, அண்ணி எப்படி முடிச்சிட்டாங்கன்னு! உனக்கும் ஆச்சு, அவங்களுக்கும் ஆச்சு. கல்லும் வீணாகல.” உடனே ஏதோ நினைத்துக்கொண்டவன்போல, மனைவி பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டான். “என்ன புள்ள, குடுத்தரலாமா?”

கேட்டான். இத்தனை வருஷத்தில் இந்த அடுப்படி விஷயமாக அவளிடம் அவன் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

சரி என்று சொன்னால் நாளைக்கே சிவப்பு வரும். அதில் நிற்கலாம், நடக்கலாம், பனிக்காலக் காலையில் கால் வைக்கலாம். நினைக்க நன்றாகத்தான் இருந்தது. ஆசையாகக்கூட இருந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் அதில் கால் வைக்கும்போது, இது பரிமளா அக்கா எடுத்துக் கொடுத்தது என்று தெரியும். இந்தச் சுவர் அவள் சொல்லி வந்தது. இந்த அடுப்பு அவள் சொல்லி வந்தது. கலரைச் சொல்லட்டும் என்று சொன்னதும் அவள்தான். இப்போது கலரும் அவள் கையால் வரும். வாங்கிக்கொண்டு, நல்லா இருக்குதுங்கக்கா என்று சிரிக்க வேண்டும்.

இது பொறாமைதான் என்று மேகலாவுக்குத் தெரிந்தது. தனக்கே நஷ்டம் என்றும் தெரிந்தது. குழந்தைவேல் கையில் இருந்த அந்தப் பழுப்பு டைல்ஸைப் பார்த்தாள். இத்தனை நாளில் ஒரு தடவைகூட நன்றாக இருக்கிறது என்று தோன்றாத நிறம். இப்போதும் தோன்றவில்லை.

“இல்லீங்க,” என்றாள். “குடுக்க வேண்டாம். இதையே இங்க போடுங்க.”

“நீதான இந்தக் கலரு இல்லேன்ன?”

“பரவால்லீங்க. எனக்கு இது புடிச்சிருக்குது.”

“மேகலா,” என்றாள் பரிமளா. அவள் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது. “இதுல எனக்கென்ன கண்ணு இருக்குது? உனக்குப் புடிச்சதப் போட்டுக்கோன்னுதான...”

“தெரியுமுங்கக்கா. உங்களுக்குப் போடோணும்னா வேற வாங்கிக்கங்க. இது எங்கடுப்படிக்குன்னு வந்தது.”

குரல் உயரவில்லை. சண்டை போடுகிற மாதிரியும் இல்லை. டீ வேண்டுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். குழந்தைவேல் என்ன செய்வது என்று தெரியாமல் மாணிக்கத்தைப் பார்த்தான். மாணிக்கம், பழக்கத்தில், அண்ணியைப் பார்த்தான். பரிமளா யாரையும் பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வாசலில் இறங்கினாள்.

“அப்ப எங்க இருந்து ஆரம்பிக்கட்டுமுங்க?” என்று பொதுவாகக் கேட்டான் குழந்தைவேல்.

மாணிக்கம் இன்னும் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். மேகலா பெட்டியிலிருந்து ஒரு டைல்ஸை எடுத்து, தூசியை முந்தானையால் துடைத்து, அடுப்பு வரப்போகிற மூலைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“இங்கிருந்துங்க,” என்றாள்.